மஞ்சள் கோட்டுக்காரன்

முட்டை நேராகப் போய் மஞ்சள் கோட்டுக்காரனின் தலையில் உடைந்தது. கட்டிங் மாஸ்டருக்கு வாழ்க்கையில் எந்தக் குறியும் இவ்வளவு சுத்தமாக அமைந்ததில்லை.

"கத்திரி பிடிச்ச கைன்னா சும்மாவா" என்று அயர்ன்காரர் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற இருபது பேரும் விசில் அடித்தார்கள்.

சாலைக்கு எதிர்ப்புறம் கார்மெண்ட்ஸ் கம்பெனியின் வெள்ளைச் சுவரில் மஞ்சளும் பச்சையுமாக வழிந்துகொண்டிருந்தது. எல்லாம் கோழிப்பண்ணையில் கழித்துப் போட்ட கூமுட்டை. வெயில் ஏற ஏறக் கிளம்பிய நாற்றத்தில் தெருநாய்கூடச் சுற்றிக்கொண்டு போனது.

சம்பள உயர்வு கேட்ட பாவத்துக்கு இந்த இருபது பேரையும் கம்பெனி வெளியே தள்ளி நாற்பது நாள் ஆகிறது. முதலாளி பேச்சுவார்த்தைக்கு வருவேனா என்கிறார். வெள்ளிக்கிழமை ஆர்டர் கொடுக்கப் பெரிய பெரிய ஆட்கள் வரப்போகிறார்கள். அவர்கள் காரிலிருந்து இறங்கும்போது வாசல் நாறிக் கிடந்தால்தான் மனுஷன் வழிக்கு வருவார், வேலையும் திரும்பக் கிடைக்கும்.

அந்தப் பிழைப்பில்தான் மஞ்சள் கோட்டுக்காரன் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தான். தினமும் இவர்கள் எறிந்து ஓய்ந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக வாளியும் பிரஷ்ஷுமாக வருவான். முழங்கால் வரை பூட்ஸ், தொளதொளவென்று கோட்டு, முகத்தை மூடிய மாஸ்க், தலையில் ஒரு துணித்தொப்பி. ஒரு மணி நேரத்தில் சுவரைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டுப் போய்விடுவான்.

"பேக்கிங்ல இருந்தானே சோடாபுட்டி, அவனேதான். அன்னிக்கு சங்கத்துல கையெழுத்துப் போடாம நழுவும்போதே நினைச்சேன்" என்றார் அயர்ன்காரர்.

அடிபட்டவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெற்றியில் வழிந்ததைப் புறங்கையால் வழித்து உதறிவிட்டு, மறுபடியும் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தான். மாஸ்டருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது அதைப் பார்த்துத்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால், ஒரு கல்லையாவது எடுத்திருந்தால், சரி, இவனும் மனுஷன்தான் என்று விட்டிருப்பார்.

"தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா" என்று காறித் துப்பினார்.

சங்க ஆபீஸில் உட்கார்ந்து எல்லார் வாயாலும் தன் குறியின் பெருமையைக் கேட்டுவிட்டு அவர் வீடு திரும்பியபோது மணி ஆறு. சட்டைப்பையில் ஒரு முட்டை உடைந்து சட்டையெல்லாம் ஒழுகியிருந்தது. கழற்றி வாளியில் போட்டு, அடுப்பிலிருந்த வெந்நீரை எடுக்கப் போனார்.

"வெந்நீர் ஊத்தாதீங்க. முட்டை வெந்து துணியோட ஒட்டிக்கும். பச்சைத் தண்ணியில ஊறட்டும், அப்புறம் தேய்ச்சா வந்துடும்" என்றாள் மனைவி.

"அட, இவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கியே."

அவள் தட்டை எடுத்து வைத்தாள். போன மாதத்திலிருந்து அவள் ஏதோ டெய்லர் கடைக்குக் கொக்கி தைக்கப் போகிறாள். அதனால்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. மாஸ்டருக்கு அதில் உள்ளூரக் கூச்சம்தான், சங்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சாப்பிட உட்கார்ந்தவர், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். எப்படிக் கையை ஓங்கினார், எப்படிக் குறி பார்த்தார், அந்தத் தொப்பி எப்படி நனைந்து தொங்கியது, எல்லாவற்றையும்.

"அப்பவும் அசையலடி அவன். மாடு மாதிரி நிக்கிறான். சூடு சொரணை இருக்கிறவன் செய்யிற வேலையா அது?"

"வீட்டுல என்ன கஷ்டமோ" என்றாள் அவள், குழம்பை ஊற்றிக்கொண்டே.

"கஷ்டமா? ஏன், நாம கஷ்டப்படல? நாப்பது நாளா வேலை இல்லாம நாமளும்தான் இருக்கோம். அந்தக் கம்பெனி வாசல்ல போய் யாராவது கையேந்தி நின்னோமா? ஊரு சிரிக்கிற மாதிரி எச்சில் பொறுக்கினோமா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஒரு வாய் எடுத்தவர் முகத்தைச் சுளித்தார். சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவியாயிற்று, சட்டையும் வாசலில் கிடக்கிறது. ஆனாலும் அந்தக் கருமம் பிடித்த நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை. விரல்களை மோந்து பார்த்தார், தட்டைத் தள்ளி வைத்தார்.

"வாந்தி வர்ற மாதிரி இருக்கு. எல்லாம் அந்த ஈனப்பயலால. நாளைக்கு விடப்போறதில்ல. இனிமே சுவரே வேணாம், இருபது பேரும் அவனையே குறி வைக்கணும்னு முடிவு பண்ணிட்டோம். பிரஷ்ஷைப் போட்டுட்டு அலறிக்கிட்டு ஓடணும் அவன். நீயும் கடைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து பாரேன், வயிறு குளிரும்."

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், கடைக்குப் போகிறவரிடம் உப்பு வாங்கி வரச் சொல்வதுபோல் சொன்னாள்.

"லீவு தர மாட்டாங்க. முதுகுல அடிக்கச் சொல்லுங்க, தலையில பட்டா எவ்வளவு குளிச்சாலும் நாத்தம் போக மாட்டேங்குது."