கோடு விழாத பெயர்

ஆஸ்திரேலியாவின் பென்டிகோ நகரில், பள்ளிக்கூட வேலியில் சாய்ந்து நிற்கிறது இருவர் மிதிக்கும் நீளச் சைக்கிள். வாசலில் தேர்தல் நாள் சாசேஜ் வெங்காயத்தோடு பொரிகிறது. லோர்னா இருந்தவரை பின்னிருக்கையிலிருந்து வழியெல்லாம் தொழிற்கட்சிக்காகக் கணவர் நெவிலின் முதுகோடு சண்டை பிடிப்பாள்; லிபரல் கட்சிக்கு அவர் போடும் ஓட்டைத் தன் ஓட்டால் சரிக்கட்டிவிட்டுத்தான் சாசேஜைக் கடிப்பாள். அவளை அடக்கம் செய்தபின் வரும் முதல் தேர்தல் இது. ஆள் குறைந்தும் மேட்டில் சைக்கிள் கனத்தது. உள்ளே, வாக்காளர் பட்டியலில் அளவுகோல் வைத்து நெவிலின் பெயரை அடிக்கிறாள் தேர்தல் அலுவலர் ஜூடித். மேல்வரியில் லோர்னாவின் பெயர் இன்னும் கோடு விழாமல் இருக்கிறது.

"எங்கய்யா உங்க எதிர்க்கட்சி? ஓட்டுப் போடலேன்னா அவங்க பேருக்கு அபராதக் கடுதாசி வந்துரும், சொல்லிட்டேன்!"

நெவிலின் விரல்கள் தலைக்கவசத்தின் வாரைத் திருகுகின்றன.

"வரட்டும்மா," என்கிறார். "அவ பேருக்குக் கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு."