போக வர ஒரு டிக்கெட்

வெல்ஸ் நகரின் பேருந்து நிறுத்துமிடத்தில் நார்மன் வண்டிக் கதவைத் திறந்ததும் முப்பத்தொரு பேர் இறங்கினார்கள். மேரியன் இறங்கவில்லை.

ஒன்பது வருடமாக அவள் இறங்கியதில்லை.

ஸ்விண்டனிலிருந்து காலை எட்டரைக்குக் கிளம்பும் ஒருநாள் சுற்றுலா அது. வருடத்துக்கு ஒரே தடவை, செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. மற்றவர்கள் பேராலயத்தைப் பார்த்துவிட்டு, அரண்மனை அகழியில் அன்னங்களைப் படம் பிடித்து, சந்தையில் சீஸ் வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குத் திரும்புவார்கள். அதுவரை ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக் கூடாது.

மேரியன் கதவை ஒட்டிய முதல் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பாள். முதல் வருடம் நல்ல மழை. பேராலயம் பார்த்ததுதான், நனைவானேன் என்றாள். அடுத்த வருடம் பளிச்சென்று வெயில். அப்போதும் உட்கார்ந்திருந்தாள். அவள் காரணம் சொல்லவில்லை, நார்மனும் கேட்கவில்லை.

பதினொன்றரையிலிருந்து மூன்று வரை. ஒன்பது வருடத்தையும் கூட்டினால் ஒன்றரை நாள்கூடத் தேறாது.

அதற்குள் அவருடைய தக்காளிச் செடிகள், முழங்கால் வலி, செத்துப்போன மனைவி ஜோன் எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பல் டாக்டர் என்றால் அவள் நடுங்குவாள், வானொலியோடு சண்டை போடுவாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. எங்கே குடியிருக்கிறாள் என்று மட்டும் தெரியாது. தனியாக வருகிற பெண்ணிடம் ஒரு ஓட்டுநர் அதைக் கேட்பது முறையில்லை என்று இருந்துவிட்டார்.

இன்று கேட்டாக வேண்டும். இது அவருடைய கடைசி ஓட்டம். அடுத்த மாதம் வடக்கே வெகு தூரத்திலிருக்கும் அபெர்டீனுக்கு, மகன் வீட்டோடு போய்விடுவதாக ஏற்பாடு. வழி நெடுக அந்த ஒரு கேள்வியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டி வந்தார்.

மேரியன் பிளாஸ்க்கைத் திறந்து, அதன் மூடியில் டீயை ஊற்றி நீட்டினாள்.

"என்ன, இன்னிக்கு வாயே திறக்கக் காணோம். தக்காளி காலை வாரிடுச்சா?"

"தக்காளி நல்லாத்தான் காய்ச்சுது. மேரியன், நீங்க..."

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

வெளியே ஒரு பெண் நாயைப் பிடித்தபடி நின்றிருந்தாள். நார்மன் கதவைத் திறந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"இங்கேயா இருக்கே மேரியன்? காலைல உனக்கு ஒரு பார்சல் வந்துது. தபால்காரர் உன் கதவைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு எங்க வீட்டுல குடுத்துட்டுப் போனார். சாயங்காலமா வந்து எடுத்துக்கோ."

நாய் இழுத்தது. அவள் போய்விட்டாள்.

மேரியனின் முகம் கழுத்திலிருந்து காது வரை சிவந்துவிட்டது.

அப்படியென்றால் அவள் வீடு இந்த ஊரில்தான். நார்மனுக்கு அந்தப் பக்கத்துப் பேருந்து நேரமெல்லாம் மனப்பாடம். விடிவதற்கு முன்னால் இங்கிருந்து முதல் பஸ்ஸில் பாத் நகரம். பாத்திலிருந்து ரயிலில் ஸ்விண்டன். அங்கே எட்டரைக்கு அவருடைய வண்டியைப் பிடித்து, மறுபடி இதே ஊர். மாலையில் திரும்பவும் ஸ்விண்டன். "பாத்துப் போங்க" என்று சொல்லி அவர் வண்டியை எடுப்பார். அவள் நிறுத்தத்தில் நின்று கையசைப்பாள். பக்கத்துத் தெருவில்தான் வீடு என்று ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவள் ரயில் ஏறி, பஸ் மாறி, இங்கே வந்து சேர இருட்டியிருக்கும்.

"முதல் தடவை நெஜமாவே வீட்டுக்கு வரத்தான் ஏறினேன்," என்றாள் மேரியன், வெளியே பார்த்தபடி. "ஸ்விண்டன்ல அக்காவைப் பாக்கப் போயிருந்தேன். அன்னிக்கு ரயில் ஓடலை. மழை நிக்கட்டும்னு இங்கே உக்காந்தேன். பன்னெண்டுக்கே நின்னுடுச்சு. மூணு மணி ஆனப்ப, இதுதான் என் ஊருன்னு சொல்ல வெக்கமா போச்சு."

மற்ற எட்டுத் தடவைகளைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

"இது எனக்குக் கடைசி ஓட்டம்," என்றார் நார்மன்.

"தெரியும். டிக்கெட் வாங்கும்போதே சொன்னாங்க."

மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோரும் திரும்பி வந்து ஏறினார்கள். நார்மன் தலைகளை எண்ணினார். முப்பத்தொன்று. மேரியன் அதே இடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க இங்கேயே இறங்கிக்கலாமே," என்றார் தாழ்ந்த குரலில். சொல்லும்போதே, அவள் இறங்கிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"போக வரத்தானே டிக்கெட் எடுத்திருக்கேன்."

அவர் கதவை மூடினார்.

நிறுத்துமிடத்தின் வாசலில் ஸ்விண்டனுக்குப் போகும் சாலை வலது பக்கம். நார்மன் வண்டியைத் திருப்பாமல் நிறுத்தினார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

மேரியன் அவரையே பார்த்தாள். பிறகு சொன்னாள், "இடது. போஸ்ட் ஆபீஸ் தாண்டி மறுபடி இடது."

அந்த நீளமான வண்டி, வரிசை வீடுகள் இருந்த ஒரு தெருவுக்குள் நடந்து போகிற வேகத்தில் நுழைந்தது. பயணிகள் அவசரமாகக் கேமராக்களை எடுத்துக்கொண்டு ஜன்னல்களின் பக்கம் சாய்ந்தார்கள்.

"இங்கே என்ன விசேஷம்?" பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கேட்டார். "ஒண்ணையும் காணோமே."



பச்சைக் கதவு. பித்தளையில் பதினேழு என்று எழுதியிருந்தது. நார்மன் வண்டியை நிறுத்தி, அதை ஒரு தடவை படித்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார்.