ஐந்தாம் எண்ணைக் காணோம்

தையற்காரி தைப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டாள். டாக்டரின் புதுக் கட்டுரையில் அவளுடைய படம் இல்லை.

வைரஸால் தொண்டையில் வருகிற புற்றுநோயைப் பற்றியே எழுதிக் குவிக்கிற டாக்டர் அவர். அவரிடம் குணமான ஐந்து பெண்களின் சதைத் துணுக்கைப் பெரிதாக்கி எடுத்த படங்கள், பெயருக்குப் பதில் எண் போட்டு, ஒவ்வொரு கட்டுரையிலும் வரும். இவள் ஐந்தாம் எண்.

"நல்லாத் தேடினீங்களா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அதோட சரி," என்றான் கணவன், போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி. கட்டுரை இருந்த இங்கிலீஷில் அவனுக்கு எண்ணும் படமும்தான் பிடிபடும்.

"தேறமாட்டேன்னு என்னை மட்டும் கழிச்சுட்டாரா? போன வாரம் எடுத்த டெஸ்ட்டுக்கும் இன்னும் பதில் இல்லையே."

"சும்மா இரு. உன்னைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துப்போயிருக்கும்." சிரிக்கப் பார்த்தான்.

அந்த நாலு பேர் மேல் அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது, பாவம். ஆஸ்பத்திரி பெஞ்சில் கூடவே உட்கார்ந்து, ஆறிப்போன டீயைப் பங்கு போட்டுக் குடித்தவர்கள்தான்.

மறுநாள் கணவனோடு டாக்டரின் அறைக்குள் நுழைந்ததுமே அழுதுவிட்டாள். "என்னை மட்டும் ஏன் சார் விட்டுட்டீங்க?"

"உங்க டெஸ்ட் இப்பதான் வந்ததும்மா. உங்களுக்கு ஒண்ணுமே இல்லை."

"அப்போ அந்தக் கட்டுரை?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அது நோய் திரும்பி வந்தவங்களைப் பத்தினதும்மா."

கணவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவளோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு பேருக்குமா, சார்?"