தடுப்புக் கண்ணாடி

கண்ணாடியின் கீழ் விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிட்டது.

இன்னும் இரண்டடி இறக்கினால் தொட்டி இரண்டாகிவிடும். அந்தப் பக்கம் தாய்மீன். இந்தப் பக்கம் தகப்பன்மீனும் குஞ்சுகளும்.

அவள் இறக்காமல் நின்றாள்.

"சட்டுனு எறக்கு அம்மிணி," என்றார் பின்னால் நின்ற அவள் கணவர் சென்னியப்பன். "இல்லாட்டி இதுகளையும் தின்னு போடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. தாய்மீன் இதற்கு முன் பதினோரு தடவை முட்டையிட்டிருந்தது. பதினோரு தடவையும் மறுநாள் காலையில், முட்டையிடத் தொட்டிக்குள் வைத்த மண்சட்டி கழுவிக் கவிழ்த்தது போல இருந்தது. அதற்கு 'முட்டைதின்னி' என்று பேர் வைத்தவரே அவர்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவள் ஒரு நாளும் அந்தப் பேரைச் சொன்னதில்லை.

தொட்டியை அவளே கட்டினாள். வாரம் முழுக்கப் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடி அறுத்து ஒட்டினாள். மூன்று முறை ஒழுகியது. நான்காம் முறை நின்றது. சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் டிரம்மில் பிடித்து வைத்தாள். பாதாம் மரத்துச் சருகைப் போட்டு ஊறவைத்து, டீத்தண்ணி நிறத்துக்குக் கொண்டுவந்தாள். அந்த நிறத்தில்தான் அந்த மீன்களுக்குப் பயம் குறையும்.

டிஸ்கஸ் மீன்கள். பண்ணையில் பிறந்தவை அல்ல. அமேசான் ஆற்றில் வலை வீசிப் பிடித்தவை. உள்ளங்கையை விரித்த அளவு, வட்டமாய், தட்டையாய்.

வந்த புதிதில் நாற்பது நாள் மூலையை விட்டு வெளியே வரவில்லை.

இன்று குஞ்சுகள்.

கண்ணும் வாலும் மட்டுமே இருந்தன. நேற்றுவரை மண்சட்டியில் ஒட்டிக்கொண்டு துடித்தன. காலையில் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து, தடுமாறி நீந்தி, தகப்பனின் உடம்பை மொய்த்துக்கொண்டன. அதன் தோலில் ஊறுவதுதான் அவற்றுக்குப் பால். புத்தகத்தில் படித்திருந்தாள். படித்ததற்கும் இப்போது பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இத்தனை உயிர் தன்னைக் கொத்தித் தின்னும்போது அது அசையாமல் நின்றது.



தாய்மீன் மூலையிலிருந்து கிளம்பியது.

"வருது பாரு. எறக்கு."

கை இறங்கவில்லை.

மகள் தாரணி பிறந்தபோது அவளுக்கு மனசு சரியில்லாமல் போயிற்று. குழந்தை அழும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்பதாம் நாள் சென்னியப்பன் குழந்தையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், உடுமலையில் தன் அக்காவிடம் விட்டார். நல்லதுக்குத்தான் செய்தார். மாத்திரை சாப்பிட்டு அவள் மூன்று மாதத்தில் தேறிவிட்டாள்.

குழந்தை திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆயிற்று.

யாரும் அவளைத் திட்டவில்லை. ஒரு சொல் சொல்லவில்லை. குழந்தையோடு அவளைத் தனியாக விடவும் இல்லை.

தாய்மீன் நெருங்கிவிட்டது. இப்போது இடையில் ஒரு சாண் தண்ணீர்தான். அதன் வாய் திறந்து மூடியது. கூட்டத்திலிருந்து விலகிய குஞ்சு ஒன்று அதன் வாய்க்கு நேரே மிதந்தது.



தாய்மீன் தின்னவில்லை. தகப்பன் பக்கத்தில் போய், அதற்கு இணையாகத் திரும்பி, தன் விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது.

அப்படியே நின்றது.

தகப்பன் ஒரே ஒரு முறை உடம்பை உதறியது.

குஞ்சுகள் மொத்தமும் தூசி பறப்பது போலத் தண்ணீரில் சிதறின. எங்கே போவது என்று ஒரு கணம் அவற்றுக்குத் தெரியவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாய்த் திரும்பின. தாயின் மேல் போய் அப்பிக்கொண்டன. நூறு இருக்கும். இருநூறுகூட இருக்கலாம். அதன் உடம்பு கறுத்துக்கொண்டே வந்தது. கோடுகள் மறைந்தன. குஞ்சுகளுக்கு வழி தெரியட்டும் என்று அது தன்னை இருட்டாக்கிக்கொண்டது.

தகப்பன் விலகி, தொட்டியின் அடுத்த கோடிக்குப் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்குக் கும்பிடத் தோன்றியது. இரண்டு கையிலும் கண்ணாடி இருந்தது.

"அம்மிணி..." என்றார் சென்னியப்பன்.

"இருக்கட்டுமுங்க," என்றாள். தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவனே நம்பிக் குடுத்துட்டானுங்க."



தாய்மீன் நின்ற இடத்திலேயே நின்றது. குஞ்சுகள் தின்றுகொண்டே இருந்தன. விலாவில் எத்தனை வாய்கள்! ஒரு செதில்கூட அசையாமல் அது எப்படித்தான் நிற்கிறதோ என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

சென்னியப்பன் பக்கத்தில் வந்தார். அவள் கையிலிருந்து கண்ணாடியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

எங்கேயாவது சாய்த்து வைத்திருக்கலாம். சுவர் பக்கத்திலேயே இருந்தது.

அவர் வைக்கவில்லை. ஈரக் கண்ணாடியை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.