மகாபலிபுரத்துப் பட்டினி

உத்தனப்பள்ளியிலிருந்து மகாபலிபுரம் போனவர்கள் ஆறு பேர். சென்னம்மாள், அவர் மகன் வெங்கடப்பன், ஐந்து மாதம் முழுகாமல் இருந்த மருமகள் பாப்பம்மா, சென்னம்மாளின் தம்பி கரியப்பன், வாடகைக் கார் ஓட்டிய ராயப்பன், பக்கத்து வீட்டுக்காரனான நான். வருஷம் 1968.

பாப்பம்மாவுக்குப் போன வருஷம் உண்டானது தங்கவில்லை. இந்தத் தடவை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று கடலோரத்துப் பெருமாளுக்கு வேண்டுதல். வேண்டிக்கொண்டவர் சென்னம்மாள், பட்டினி எல்லோருக்கும்.

"தேங்காய் உடைக்கிற வரைக்கும் யார் பல்லுலயும் பச்சத் தண்ணி படக்கூடாது. ராயப்பா, உனக்கும்தான்."

"நான் வேதக்காரன்ம்மா, சர்ச்சுக்குப் போறவன்."

"இருந்தா? நாங்க காயறப்போ நீ மட்டும் மெல்லுவியா?"

ராயப்பன் வண்டியைக் கிளப்பினான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தேங்காய்க் கூடையோடு ஐந்து ரதங்களின் வாசலிலும் நின்றோம். மணிச்சத்தமே இல்லை. கடற்கரைக் கோயிலில் பெருமாள் படுத்திருந்தார், விளக்கு இல்லை.

"அய்யர் எங்கப்பா?" என்று காவல்காரரைக் கேட்டார் சென்னம்மாள்.

"இங்கே பூஜை கிடையாதும்மா. ஊருக்குள்ளே பெருமாள் கோயில் இருக்கு, அங்கே போங்க."

"இத்தனை கோயில் குடைஞ்ச ராஜாவுக்கு ஒரு அய்யரை வைக்க முடியலயா?" என்றார் கரியப்பன்.

ஊருக்குள் ஓடினோம். கதவு சாத்தியிருந்தது. இனி நாலு மணிக்குத்தானாம்.

எதிரே பெரிய சிற்பப் பாறை. மரத்தடியில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு தவம் செய்தது. காலடியில் எலிகள்.

"எலிங்க நம்பிடுச்சுங்க பாரு!" என்று சிரித்தான் வெங்கடப்பன்.

பாப்பம்மா சிரிக்கவில்லை. மரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

மணி ஒன்று. திடீரென்று சென்னம்மாள் கட்டிக்கொண்டு வந்த தூக்குச் சட்டியைத் திறந்தார். ராகி ரொட்டி, ஆளுக்கு மூன்று வீதம் பதினெட்டு. ஒன்றை எடுத்துக் கிள்ளி வாயில் போட்டு, ஊருக்கே தெரிகிற மாதிரி மென்றார்.

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அக்கா! சாமி இன்னும் கதவே திறக்கலயே?"

"பசிக்குதுடா. பெருமாள் கோவிச்சிக்கிட்டா நான் பேசிக்கறேன்."

"ராத்திரியிலிருந்து எங்களைப் பட்டினி போட்டியே! அந்தப் பூனை உனக்கு என்ன உறவு, சின்னம்மாவா?"

ராயப்பன் இந்த வழக்கில் கலந்துகொள்ளவில்லை. அவன் இரண்டாவது ரொட்டியில் இருந்தான்.

"வாயை மூடிட்டுத் தின்னுடா. பாப்பம்மா, நீயும் எடு."

"அத்தே, நீங்க...?"

"நான்தான் தின்னுட்டிருக்கேனே, கண்ணு தெரியல?"

பாப்பம்மா வாங்கிக்கொண்டாள். மாமியார் சாப்பிடாமல் மருமகள் கை நனைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மூன்று ரொட்டியும் போன வேகத்தைப் பார்த்து வெங்கடப்பன் தண்ணீர் எடுக்க ஓடினான்.

நாலு மணிவரை கரியப்பன் பூனையை விடவில்லை.

கதவு திறந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்தான் முதலில் உள்ளே போனார்.

நான் தூக்கை மூடப்போனேன். நாங்கள் ஐந்து பேரும் பங்கைத் தின்று தீர்த்திருந்தோம். ஓரம் மட்டும் கிள்ளிய ஒன்றையும் சேர்த்து, உள்ளே மிச்சம் மூன்று.