இடது கால்

பெரிய வியாழன் பூசையில், சீடர்களின் இடத்தில் உட்காரவைத்துச் சாமியார் பாதம் கழுவிவிடப்போகும் பன்னிரண்டு பேரில் வியாகுலமும் ஒருவன். அதற்காக மத்தியானத்திலிருந்தே மனைவி சலேத்தம்மாளின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான்.

“வலது காலை நல்லாத் தேய்டி. சாமியார் அதைத்தான் கழுவி முத்தம் கொடுப்பாரு. அழுக்குத் தெரிஞ்சா ஊரே சிரிக்கும்.”

“அழுக்கே இல்லாத காலை அவரு எதுக்குக் கழுவணும்?”

“வருசா வருசம் இப்படித்தானே நடக்குது? பேசாமத் தேய்.”

சலேத்தம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. சோப்பு நுரையோடு அந்தக் காலை அப்படியே விட்டுவிட்டு, வெடிப்பெல்லாம் வயல் சேறு ஏறிக் கிடந்த இடது காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏய், அது இல்லடி!”

“அதைக் கழுவத்தான் சாமியார் இருக்காரே. இதுக்கு யாரு இருக்கா?”

கோயிலில் முதல் மணி அடித்தது. அவள் செபமாலை உருட்டுகிற நிதானத்தோடு ஒவ்வொரு வெடிப்பாகக் கழுவிக்கொண்டிருந்தாள். வலது காலில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.