ஏணியோரத்து வாத்து

ஞானதுரை வீட்டு நீச்சல் குளத்தில் ஒரு பிளாஸ்டிக் வாத்து மிதந்தது. அதன் வயிற்றுக்குள், தண்ணீரில் கரைந்து பாசியைக் கொல்லும் குளோரின் மாத்திரை. காற்றில் அலையக்கூடாதென்று அதை ஏணியோரமாகக் கட்டிப் போட்டிருந்தார் ஞானதுரை. மோட்டார் இரைச்சல் அவருக்கு ஆகாது, அதனால் தண்ணீரைச் சுற்ற விடுவதும் கிடையாது.

எதிர்மூலையில் பாசி பச்சைப்பசேலென்று படர்ந்திருந்தது. அங்கே குடியிருந்த தவளை, அவர் காலையில் குளோரின் அளவு பார்க்கும் தாளோடு வந்தாலே வாத்திடம் புலம்பும்.

"வாத்தண்ணே, இந்தப் பக்கம் வந்துட்டார்னா என் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்."

"பயப்படாதே. குனிய வசதியான இடம் இதுதான். இங்கேதான் தாளை முக்குவார்," என்றது வாத்து.

அப்படியே முக்கினார். தாள் நல்ல நிறம் காட்டியது. "பிரமாதம்!" என்று வாத்தின் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

"நான் ஒண்ணும் பொய் சொல்லலை," என்றது குப்பைக்கூடையில் விழுந்த தாள். "முக்கின இடத்துக்குத்தான் நான் சாட்சி."

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்மூலை வரை நீந்திப் போய்க் காலூன்றிய ஞானதுரை, பாசியில் வழுக்கி விழுந்து, பச்சைத் தண்ணீரை வயிறு நிறையக் குடித்து எழுந்தார். தவளை மூட்டை முடிச்சைக் கட்டிவிட்டது.

மறுநாள் அவர் இன்னொரு வாத்தோடு வந்தார். "ஒண்ணு போதலை" என்று முனகியபடி அதையும் ஏணியோரமாகவே கட்டினார். பக்கத்திலேயே தாளை முக்கினார். நிறம் முன்பைவிட அடர்த்தியாக வந்தது. அவர் முகம் மலர்ந்தது.

தவளை மூட்டையை அவிழ்த்தது. பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்த மச்சானுக்குச் சொல்லியனுப்பியது: "குடும்பத்தோட வந்துடு மச்சான். இங்கே நடவடிக்கை எடுத்துட்டாங்க."